அந்தத் திரைச்சீலையை மூடியிருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கண்காட்சிகளில் குழந்தைகள் தாங்கள் செய்த ரோபோக்களுடன் நிற்கும் படங்கள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே, அந்த ரோபோவை அந்தப் பிள்ளை ஒரு நாளாவது தவறாக ஓடவிட்டுப் பார்த்திருக்குமா என்ற கேள்வியும் எழுகிறது. பெற்றோர், பள்ளி நிர்வாகத்தினர், கல்வித் துறையினர் எல்லோரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் அயனாவரத்தில் 37 ஆண்டுகளாக மோட்டார் வைண்டிங் கடை நடத்திவருகிறேன். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவு படித்தவன். மின்விசிறி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று சென்னையில் என்னென்ன கருகுமோ அதெல்லாம் என் மேசைக்கு வரும். ஏன் கருகியது என்று கண்டுபிடிக்காமல் புதுச் சுருள் சுற்றிக் கொடுத்தால் அது மறுபடியும் கருகி என்னிடமே வரும் என்பதைத் தொழிலின் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன். பிள்ளைகளின் ரோபோ விஷயத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

சென்ற ஜனவரியில் என் பேத்தி படிக்கும் பள்ளியில் கண்காட்சி நடந்தது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ரோபோடிக்ஸ் வகுப்புக்கென்று ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டுகிறோம். வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தார் வாரம் ஒருமுறை வந்து நடத்துகிறார்கள். அவளுடைய குழு, கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோவை வைத்திருந்தது. வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளைத்து வளைத்து ஒட்டியிருந்தார்கள். வண்டி அழகாக ஓடியது. மாலை நான்கு மணி இருக்கும், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து சார்ட்டின் ஒரு மூலையில் விழுந்தது. ரோபோ அந்த மூலைக்கு வந்ததும் கோட்டை விட்டு விலகி, நேராகப் போய் மேசை விளிம்பில் நின்றது. எடுத்து மறுபடி வைத்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் விலகியது.

என் பேத்தி குனிந்து ரோபோவின் அடிப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அதற்குள் பயிற்சியாளர் ஓடிவந்து ஜன்னலின் திரைச்சீலையை இழுத்து மூடினார். வண்டி சரியாக ஓடியது. அனைவரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில், "வெயில் பட்டதும் ஏன் அம்மா தடுமாறியது?" என்று கேட்டேன். "தெரியவில்லை தாத்தா. அதற்குள் இருக்கும் புரோகிராமை நாங்கள் தொடக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார். நாங்கள் சக்கரத்தையும் ஸ்க்ரூவையும்தான் பொருத்தினோம்" என்றாள். கண்காட்சி முடிந்ததும் ரோபோக்களை எண்ணி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம்.

அந்தப் பயிற்சியாளரை நான் குறை சொல்லவில்லை. விருந்தினர்கள் நிற்கும்போது ரோபோ தடுமாறினால் அவருக்கு வேலை இடத்தில் பேச்சு விழும். ஆனால் அந்த ஆண்டு முழுவதிலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அந்த வெயில்தான். அதைத் திரை போட்டு மூடிவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

விஷயம் இதுதான். ரோபோவின் அடிப்பக்கத்தில் கோட்டைப் பார்க்கும் சென்சார் (உணர்கருவி), அகச்சிவப்புக் கதிரைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளைத் தாள் கதிரைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டைக்கொண்டுதான் வண்டி கோட்டை அறிகிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் ஏராளமாக இருக்கிறது. வெயில் விழுந்த இடத்தில் கறுப்புக் கோட்டின் மேல் நின்றாலும் சென்சாருக்குள் கதிர் கொட்டுகிறது. 'வெள்ளை' என்று அது நம்பிவிடுகிறது. சென்சார் பழுதாகவில்லை. தன் முன்னால் உள்ளதைத்தான் சொன்னது. இதை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் தானே கண்டுபிடித்துவிட முடியும். அந்த அரை மணி நேரத்தைத்தான் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமே ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் கெபாசிட்டரும் ரெகுலேட்டரும் வாங்க முப்பது ஆண்டுகளாகப் போய்வருபவன்தான். இந்த முறை, நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணு போர்டு ஒன்று, தூரம் அளக்கும் மீயொலி சென்சார் ஒன்று, அகச்சிவப்பு சென்சார் மூன்று, பல் சக்கரப் பெட்டியுடன் வரும் பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற மோட்டார் இரண்டு, சக்கரங்கள், மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் டிரைவர் போர்டு, இணைப்புக்கு ஜம்பர் வயர்கள் என்று வாங்கினேன். 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. அடித்தட்டுக்குக் கடையில் கிடந்த பிளைவுட் துண்டு. கணினிக்கு, பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. பத்து ஆண்டுப் பழசு, பேட்டரி நிற்காது, சார்ஜரில் போட்டேதான் ஓட்ட வேண்டும். இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். புரோகிராம் எழுதும் முறையை, பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். 62 வயதில் கற்றேன். கடை திறந்ததும் ஒருமுறை செய்யும் வேலைகள் ஒரு பகுதி, பிறகு கடை மூடும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் இன்னொரு பகுதி; ஆர்டுயினோ புரோகிராமுக்கு இந்த இரண்டு பகுதிகள்தான் எலும்பு என்று தெரிந்ததும் பயம் விலகியது.

ஞாயிறு காலை கடையில் வேலை இல்லை. பேத்தியும் தெருப்பிள்ளைகள் ஐந்து பேரும் வருகிறார்கள். மூன்று பேர் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படிப்பவர்கள்.

முதல் நாள் வண்டியே கட்டவில்லை. தூரம் அளக்கும் சென்சாரை மட்டும் போர்டில் இணைத்து, அது சொல்லும் எண் மடிக்கணினித் திரையில் ஓடும்படி செய்தேன். இரண்டு கண்கள்போல இருக்கும் அந்தச் சென்சாரில் ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியை வாங்கும். ஒலியின் அதிர்வெண் 40,000 ஹெர்ட்ஸ், நம் காதுக்குக் கேட்காது. சொல்லி முடிப்பதற்குள் தமிழ்வழிப் பையன் ஒருவன், "இது மீயொலிதானே? வவ்வால் செய்வதுதானே?" என்றான். அவன் பாடப்புத்தகத்தில் படித்த சொல். ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேட்டைப் பார்த்து அரை மணி நேரமாக வாய் திறக்காமல் இருந்தவன் அவன். பாடத்தில் 'மீயொலி', 'அகச்சிவப்பு', 'மின்தடை', 'மின்னழுத்தம்' என்று அருமையான சொற்களைக் கற்றுக்கொடுத்துவிட்டு, கருவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு வரியும் தமிழில் இல்லாத கையேட்டைக் கொடுக்கிறோம். அவன் படித்ததும் கையில் இருப்பதும் ஒன்றே என்று அவனுக்கு யார் சொல்வது? எங்கள் கடையில் இப்போது புரோகிராமின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இரண்டு சாய்கோடு போட்டுத் தமிழில் குறிப்பு எழுதுகிறார்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கணினி கண்டுகொள்ளாது. மனிதர் படிப்பதற்கென்றே விட்ட இடம் அது. "இங்கே எதிரொலிக்காகக் காத்திரு" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

எண்கள் திரையில் ஓடத் தொடங்கியதும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. கையை நீட்டினார்கள், புத்தகத்தை வைத்தார்கள், ஒருவன் தலையை நீட்டினான். சுவரை நேராகப் பார்த்தால் சரியான எண். சாய்வாகப் பிடித்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடுகிறது, எண் தாறுமாறாகிறது. பருத்திப் புடவையை மடித்துத் தொங்கவிட்டால் சில சமயம் அங்கே ஒன்றுமே இல்லை என்கிறது. துணி ஒலியை உறிஞ்சிவிடுகிறது. பின்னால் ரோபோ செய்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் புடவைக் கொசுவத்தில் அது போய் முட்டிய அன்று ஒரு பிள்ளையும் "ரோபோ கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "பாட்டியின் புடவை அதற்குத் தெரியவில்லை" என்றார்கள். நான் எதிர்பார்த்த கல்வி அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

மே மாதத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் டேப் பிடித்துச் சரியாக ஒரு மீட்டர் அளந்து, சுவருக்கு எதிரே சென்சாரை வைத்தார்கள். திரையில் 97 என்று வந்தது. மீண்டும் அளந்தார்கள், 97. டேப் பிழையாக இருக்கும் என்று மரச்சட்ட அளவுகோலைக் கொண்டுவந்தார்கள்; 97. சென்சார் கெட்டுவிட்டது என்று வேறொன்றை மாற்றினார்கள், அதுவும் 97. காலை பதினோரு மணி, கால் வைக்க முடியாத தரை. நிழலுக்காக எல்லோரும் கீழே இறங்கினோம். பக்கத்து வீட்டில் ஏசி போட்டிருந்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை, குளிர்ச்சிக்காகத்தான் அங்கே போய் உட்கார்ந்தார்கள். போன இடத்திலும் ஒரு பெண் சும்மா இருக்காமல் அதே ஒரு மீட்டரை அளந்து பார்த்தாள். 99 வந்தது, நடுநடுவே 100 வந்தது.

அறை முழுக்க அமைதி. பிறகு அவள் மட்டும் மாடிக்கு ஓடினாள், 97. கீழே இறங்கி வந்தாள், 99. மூன்று முறை ஏறி இறங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அவளே கேட்டாள்: "தாத்தா, வெயிலில் சத்தம் வேகமாகப் போகுமா?"

போகும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடுகிறது. 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, நம் மொட்டை மாடியின் 38 டிகிரியில் 354 மீட்டர் போகிறது. எதிரொலி முன்கூட்டியே திரும்பி வருவதால் சுவர் அருகில் இருப்பதாகச் சென்சார் கணக்கிடுகிறது. நாங்கள் புரோகிராமில், எதிரொலி வர எடுத்த மைக்ரோ வினாடிகளை 58-ஆல் வகுத்து சென்டிமீட்டர் ஆக்கியிருந்தோம். கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த 58 இதமான தட்பவெப்பத்துக்கு வந்த எண். சென்னை மே மாதத்துக்குப் பொருந்தாது. பாடப்புத்தகத்தில் 'வெப்பநிலை அதிகரித்தால் ஒலியின் திசைவேகம் அதிகரிக்கும்' என்று ஒரு வரி இருக்கிறது. தேர்வில் ஒரு மதிப்பெண். அந்த வரியை அந்தப் பெண் மாடிப்படி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தாள். இனி வாழ்நாளில் மறக்க மாட்டாள். அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

வெயிலில் தடுமாறிய கோட்டு ரோபோவையும் விட்டுவிடவில்லை. சென்சாரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் மங்கலான ஊதா ஒளியாகத் தெரியும். அதை முதலில் காட்டினேன். கறுப்பு டேப் தீர்ந்துபோன ஒரு நாள் பழைய கறுப்புத் துணியைக் கிழித்து ஒட்டினார்கள். வண்டி அதைக் கோடு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில சாயத் துணிகள் அகச்சிவப்பை வெள்ளைத் தாளைப்போலவே திருப்பி அனுப்பிவிடுகின்றன. 'நாம் பார்ப்பதுதான் எல்லாமும் பார்க்கிறது' என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு அன்றோடு போனது. கடைசியில், பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சென்சாரைச் சுற்றிப் பாவாடைபோல ஒட்டி வெயிலை மறைத்தார்கள். ஓடத் தொடங்கும் முன் வெள்ளையிலும் கறுப்பிலும் ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வைத்துக்கொள்ளும்படி புரோகிராமையும் மாற்றினார்கள். ஜன்னல் திறந்திருந்தாலும் இப்போது ஓடுகிறது.

மோட்டார் விஷயத்தில் மட்டும் என் தொழில் உதவியது. சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியைப் போட்டு வண்டி கட்டினால், சக்கரம் சுழலத் தொடங்கிய உடனே நின்றுவிடும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். பல கையேடுகளில் அந்தப் பேட்டரியைத்தான் போடச் சொல்கிறார்கள். போர்டில் உள்ள சிறு விளக்கு ஒவ்வொரு முறையும் மினுக்கிவிட்டு அடங்குவதை என் பேத்திதான் கவனித்தாள். "தாத்தா, புதிதாக கரண்ட் கொடுக்கும்போதும் இப்படித்தானே மினுக்குகிறது? இது செத்துச் செத்துப் பிழைக்கிறது" என்றாள். வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போது டியூப் லைட் ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நின்ற நிலையிலிருந்து புறப்படும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சின்னப் பேட்டரியால் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் விழுகிறது, போர்டில் உள்ள சிப் மயங்கி முதலிலிருந்து தொடங்குகிறது. லித்தியம் செல்கள் இரண்டைத் தாங்கியில் வைத்து இணைத்தோம், சரியானது. அந்தச் செல்களின் இரு முனையும் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் அவற்றை மாற்றும் வேலையும் சார்ஜ் போடும் வேலையும் என் கையில்தான். சால்டரிங் செய்யும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த விதிகளில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டு மோட்டார்களையும் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தோம். ஆனாலும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. உலகத்தில் ஒன்றுபோல் இன்னொரு மோட்டார் கிடையாது. சுருளில், பிரஷ் உராய்வில், பல் சக்கரத்தில் மயிரிழை வேறுபாடு இருக்கும். புரோகிராமில் மோட்டாருக்கு 0-விலிருந்து 255 வரை வேகம் வைக்கலாம். ஒரு பக்கம் 200 வைத்து, மறுபக்கம் எவ்வளவு வைத்தால் நேராகப் போகிறது என்று ஒரு பையன் இரண்டு ஞாயிறு செலவழித்து 187 என்று கண்டுபிடித்தான். நோட்டில் அந்த எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். பேட்டரி இறங்கியதும் 187 சரிவரவில்லை என்று வந்து நின்றபோது அவன் முகத்தில் ஏமாற்றத்தைவிட ஆர்வம் அதிகம் இருந்தது.

கருகியவையும் உண்டு. பேட்டரியைத் தலைகீழாக மாட்டி டிரைவர் போர்டு ஒன்று போனது. மாட்டிய பிள்ளை அழுதுவிட்டது. நான் அந்தப் போர்டை எடுத்து, என் கடையில் கருகிய சுருள்கள் தொங்கும் ஆணியில் மாட்டினேன். "இதெல்லாம் நான் கருக்கியவை. எல்லாமே இருக்கின்றன, பார்" என்றேன். 37 ஆண்டுகளில் நான் கற்றதெல்லாம் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. அன்றிலிருந்து அவன்தான் சிவப்பு வயர், கறுப்பு வயர் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கிறான்.

இவ்வளவையும் சொல்லக் காரணம், பள்ளிகளிலும் இதே பொருள்கள்தான் இருக்கின்றன. என் கடையில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. பிள்ளைகள் தாமே கருவிகள் செய்து பார்ப்பதற்காக 2016-இல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்களை ஐந்து ஆண்டுகளில் அமைப்போம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழக அரசும் 2022-இல் வானவில் மன்றத்தைத் தொடங்கி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல் சோதனைகளைக் கொண்டுசெல்கிறது. மனமார வரவேற்கிறேன். என் தலைமுறையில் மல்டிமீட்டரைத் தொடுவதற்கே ஐ.டி.ஐ.க்குப் போக வேண்டியிருந்தது.

ஆனால் பொருள் வந்தும் பூட்டு திறக்கவில்லை. மின்விசிறியைச் சரிசெய்யக் கொடுக்க என் கடைக்கு வந்த ஓர் ஆசிரியை இதைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். ஒவ்வொரு சென்சாரும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. 80 ரூபாய்ப் பொருள் என்றாலும் உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். "நான் பிள்ளைகளை நம்புகிறேன் ஐயா, பதிவேட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது" என்றார். அவர்மீது என்ன தவறு? சமையலறையில் எண்ணெய் செலவாவதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சென்சாரையும் மோட்டாரையும் ஜம்பர் வயரையும், வேதியியல் ஆய்வகத்து அமிலத்தைப்போலச் செலவாகும் பொருள் என்று பதிவேட்டில் எழுத அனுமதி கொடுத்தால் போதும். பாதிப் பூட்டுகள் தாமே திறக்கும். ஆய்வகம் அமைக்க இத்தனை லட்சம் என்று ஒதுக்கும்போதே, ஆண்டுதோறும் கருகப்போவதற்கு இவ்வளவு என்று தனியாக ஒரு தொகையும் ஒதுக்க வேண்டும் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தனியார் பள்ளிகளின் கதை வேறு. அங்கே பணம் பெற்றோருடையது, ரோபோ பாகங்கள் அடங்கிய பெட்டி வகுப்பு நடத்தும் நிறுவனத்துடையது. சில பெட்டிகளில் சென்சாருக்கும் வயருக்கும் அவர்களுடைய தனிப்பட்ட பிளக். வேறு எதனோடும் சேராது. புரோகிராமைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. ஆர்டுயினோ பிறந்த கதைக்கு இது நேர் எதிர். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில், மாணவர்கள் குறைந்த செலவில் கருவிகள் செய்து பார்ப்பதற்காக மாசிமோ பான்சியும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் உருவாக்கிய போர்டு அது. அதன் மின்சுற்று வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று திறந்து வெளியிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையால்தான் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு அதே அமைப்பில் போர்டு கிடைக்கிறது, ஆட்டோ ஓட்டுநரின் மகள் கையில் இருக்கிறது. திறந்து பார்க்கட்டும் என்று கொடுத்ததைப் பூட்டி வைத்து வகுப்புக்குக் கட்டணம் வாங்குவது சரியில்லை.

அதற்கும் முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார். அண்ணன் மகன் சொல்லித்தான் தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த சீமோர் பேப்பர்ட், 1960-களின் பிற்பகுதியில் தம் சக ஆய்வாளர்களோடு லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். பிள்ளைகள் கட்டளையிட, தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை ரோபோவையும் கொண்டுவந்தார்கள். ஆமை தவறான கோணத்தில் திரும்பினால், அந்தப் பிழையை அழித்துவிட்டு ஓடாமல், ஏன் அப்படித் திரும்பியது என்று பிள்ளை உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. நாம் இன்னும் திரைச்சீலையை மூடிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோரிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது, "இது என்ன செய்யும்?" என்று கேட்காதீர்கள், அதற்கான பதிலை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். "இது எங்கே தோற்றுப்போகிறது, காட்டு" என்று கேளுங்கள். தடைக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும் ரோபோவை 40-இல் நிற்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஓர் எண்ணை மாற்றும் வேலைதான். புரோகிராமை எழுதிய பிள்ளை இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். செய்ய முடியவில்லை என்றால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பள்ளி முதல்வரிடம் போய், கட்டிய பணத்துக்குப் பிள்ளை புரோகிராமைத் தொட்டதா என்று கேளுங்கள். பரிசு கொடுக்கும் நடுவர்களும் இதையே கேட்டால், அடுத்த ஆண்டு வகுப்பு நடக்கும் விதமே மாறும். ரோபோவை ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதையும் பள்ளிகள் யோசிக்கலாம். நூலகப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறோமே! பாட்டியின் புடவையும் மொட்டை மாடி வெயிலும் வீட்டில்தானே இருக்கின்றன?

தமிழில் கையேடு எழுதுவதற்குப் பாடநூல் குழுவில் இருப்பவர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. மீயொலி என்ற சொல்லை அந்தப் பையனுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பாடத்தில் உள்ள சொற்களையே வைத்து, ஒவ்வொரு சென்சாருக்கும் நான்கு பக்கம் போதும். எப்படி இணைப்பது என்று ஒரு பக்கம், எங்கெல்லாம் ஏமாறும் என்று மூன்று பக்கம்.

மொட்டை மாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கிய அந்தப் பெண், இப்போது கையேட்டில் இருக்கும் 58-ஐ எடுத்துவிட வேண்டும் என்கிறாள். வெப்பநிலை அளக்கும் சென்சார் ஒன்றை வண்டியில் பொருத்தி, அந்த நேரத்து வெப்பத்துக்கு ஏற்ப ஒலியின் வேகத்தை வண்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டுமாம். நோட்டில் 331.3 + 0.606 × வெப்பநிலை என்று எழுதி வைத்திருக்கிறாள். சென்சாரை நேற்று வாங்கி வந்துவிட்டேன். மூன்று கால், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். வரும் ஞாயிறு காலை அதை இணைக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
அயனாவரம், சென்னை - 23.